மாதம் ஒருமுறை சிவந்த சலம்: இரண்டாவது சிசேரியனுக்குப் பின் வந்த ஒரு யூசெஃப் கூட்டறிகுறி

நோயாளி தன் கைப்பேசியை என் பக்கம் நீட்டினார். கழுவிய ஜாம் போத்தல் ஒன்றில் சலத்தைப் பிடித்து, குசினி யன்னல் வெளிச்சத்தில் வைத்து எடுத்த படம். மேற்பாதி கடும் தேயிலைச் சாயம் போல இருந்தது. அடியில் கறுத்த, நூல்நூலான படிவு. அந்தப் படிவைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரைப் பார்த்த பெண்ணியல் பிரிவு டொக்டராக, இந்த ஆய்வை அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காண உதவக்கூடிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். அறிகுறிகளின் ஒழுங்கையும் அவை வந்த இடைவெளியையும் மாற்றவில்லை. இந்த நோயை இனங்காண அந்த இடைவெளிதான் வழிகாட்டியது.

நோயாளி

வயது 31. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு வயல் கிராமம். கணவர் போகத்துக்குப் போகம் வேளாண்மை செய்பவர். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு பலருக்குப் பயணம் இலேசாகிவிட்டது. ஆனாலும் அவருடைய ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வர இன்றைக்கும் ‘பாதை’ என்று சொல்லும் மிதவைப் படகில் ஏறி, இறங்கி, பஸ் பிடிக்க வேண்டும். கிளினிக் நாளில் விடிய நாலரைக்கு எழும்பி வருகிறவர்.

இரண்டு பிள்ளைகள், இரண்டும் சிசேரியன். முதல் பிள்ளைக்கு ஏழு வயது. வயிற்றில் பிள்ளையின் இதயத்துடிப்பு குறைந்ததால் அவசரமாக எடுத்தார்கள். இரண்டாவது பிள்ளைக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. சாதாரணப் பிரசவத்துக்கு முயன்று, கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறந்து, தலை கீழே இறங்கி இறுகிப்போன நிலையில் சிசேரியன் செய்யப்பட்டது.

வந்த முறைப்பாடு இது: ஆறு மாதமாக இடைக்கிடை சலம் சிவந்து போகிறது. எரிவு இல்லை. காய்ச்சல் இல்லை. அடக்க முடியாமல் கசிவதும் இல்லை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு மாதவிடாய் வரவே இல்லை.

இந்த ஆறு மாதத்துக்குள் நான்கு தடவை சலக்கிருமி என்று மருந்து எடுத்திருக்கிறார். இரண்டு தனியார் கிளினிக், ஒரு பிரதேச வைத்தியசாலை, பிறகு எங்களுடைய ஓ.பி.டி. (வெளிநோயாளர் பிரிவு). நான்கு சிறுநீர் அறிக்கைகளிலும் செங்குருதிக் கலங்கள் ‘புலம் நிறைய’ (நுணுக்குக்காட்டியில் எங்கும் நிறைந்து) என்றுதான் இருந்தது. இரண்டு தடவை செய்த கல்ச்சரிலும் கிருமி வளரவில்லை. அதற்குள் வீட்டில் இன்னொரு பயம் பிடித்துவிட்டது. வடமத்திய மாகாணத்து விவசாயக் குடும்பங்களை அழித்த சிறுநீரக நோயைப் பற்றிக் கேள்விப்படாத வயல்காரர் இங்கேயும் இல்லை. கணவர் கிணற்றுத் தண்ணீரை நிறுத்தி, வடிகட்டிய தண்ணீரைக் கேனில் காசு கொடுத்து வாங்கத் தொடங்கினார். சிறுநீரகக் கிளினிக்குக்கும் கூட்டிப் போனார். சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிறியற்றினின் 0.7, சரியான அளவு. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சரியான அளவில் இருந்தன. கல்லும் இல்லை.

நான்காவது தடவை எங்கள் ஓ.பி.டி.யிலிருந்து பெண்ணியல் பிரிவின் கருத்துக் கேட்டு அனுப்பியிருந்தார்கள். மார்ச் மாதம். அந்தச் சீட்டில் இருந்தது என் கையெழுத்து. ‘டெப்போ ஊசியினால் மாதவிடாய் நின்றுள்ளது, தாய்ப்பால் கொடுக்கிறார், பெண்ணியல் ரீதியாகப் பிரச்சினை இல்லை’ என்று எழுதி, திருப்பி அனுப்பியிருக்கிறேன். டெப்போ என்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி. தீட்டு வருகிறதா என்று கேட்டேன், இல்லை என்றார், காரணத்தை நானே நிரப்பிக்கொண்டேன். சிவப்புச் சலம் எந்தெந்தத் திகதியில் வந்தது என்று நான் கேட்கவில்லை.

சடங்குக் கதை

ஜூன் 11ஆம் திகதி அவர் மறுபடி வந்தபோது மாமியாரும் கூட வந்திருந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் மாமிதான் பதில் சொன்னார். “அது ஊசி போட்டதால நிண்டு போச்சி டொக்டர். எங்கட ஊருல கனபேருக்கு அப்புடித்தான்.” அவர் சொன்னதில் பிழை இல்லை. மூன்று மாத ஊசி போட்டவர்களில் பலருக்கு மாதவிடாய் நிற்கும். நிறுத்திய பிறகும் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகலாம். தாதி மிஸ்ஸி, மாமியைப் பதிவு மேசைக்குக் கூட்டிப் போன பிறகு மருமகளிடம் முதலிலிருந்து கேட்டேன்.

“எத்தனை நாளைக்கு இப்புடிப் போகும் தங்கச்சி?”

“நாலு நாள் டொக்டர். மறுகா தெளிஞ்சிரும்.”

“கடைசியா எப்ப வந்திச்சு?”

“சடங்கு நேரம். அதாலதான் நான் கோயிலுக்கும் போகல்ல.”

வைகாசியில் இங்கே கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து, சடங்கு நடந்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியோடு முடியும். தீட்டுக் காலத்தில் பெண்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். சலத்தில் இரத்தம் போனதற்கு ஏன் கோயிலுக்குப் போகாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“அது தீட்டு மாதிரித்தான் இருந்திச்சு டொக்டர். இடுப்பு உழைவு, அடிவயித்துக் குத்து எல்லாம் அப்புடித்தான். வாற இடம்தான் வேற. ஆருட்டக் கேக்கிற? அம்மாளுக்குப் பயத்துல போகல்ல.”

நான்கு அறிக்கைகள், இரண்டு கல்ச்சர்கள், ஒரு ஸ்கேன், என்னுடைய கருத்துச் சீட்டு ஆகியவற்றில் எங்கேயும் இல்லாத நோய் நிர்ணயம் அந்த ஒரு பதிலில் இருந்தது. தன் மாதவிடாய் தவறான வழியால் போகிறது என்பதை அவர் உடம்பால் அறிந்திருந்தார். அதைச் சொல்ல ஒரு சொல் மட்டும் அவரிடம் இருக்கவில்லை.

பிறகு இரண்டு பேருமாக நாட்களை எண்ணினோம். அவர் திகதி வைத்திருக்கவில்லை, நிகழ்ச்சி வைத்திருந்தார். முதல் தடவை பொங்கலுக்கு மூன்று நாள் முந்தி. அடுத்தது மாசியில், மூத்த பிள்ளையின் பிறந்தநாளுக்கு முதல்நாள். அடுத்தது நான் பார்த்த அந்த மார்ச் கிழமை. பிறகு சித்திரை வருடப்பிறப்புக்கு ஒரு கிழமை முந்தி. பிறகு மே மாத ஆரம்பம். கடைசியாகச் சடங்கு. ஜனவரி 11, பெப்ரவரி 9, மார்ச் 9, ஏப்ரல் 7, மே 6, ஜூன் 4. எந்த இடைவெளியும் 29 நாளைத் தாண்டவில்லை. அவருக்கு மாதவிடாய் நிற்கவே இல்லை. அது சிறுநீர்ப்பை வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

பழைய கோப்பு

இரண்டாவது சிசேரியனின் கோப்பைத் தேடி எடுக்க ஐந்து நாள் ஆனது. அது எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. அந்த இரவு வேலை செய்தவர்களின் இடத்தில் நின்றிருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

கோப்பில் இருந்தவை: சிறுநீர்ப்பை கர்ப்பப்பையின் முன்பக்கத்தில் மேலே ஏறி, பழைய தழும்போடு ஒட்டிப்போயிருந்தது. இறுகிய தலையை எடுக்கும்போது கீறலின் இடது மூலை கீழ்நோக்கிக் கிழிந்தது. இரத்தம் கூடுதலாகப் போனது. கீழ் ஓரத்தில் மேலதிகமாக மூன்று தையல் போடப்பட்டது. கதீற்றரில் (சலம் வடிக்கும் குழாயில்) சலம் இளஞ்சிவப்பாக இருந்தது. மறுநாள் காலை தெளிந்ததும் கதீற்றர் எடுக்கப்பட்டது. மூன்றாம் நாள் வீடு. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் டயக்னோசிஸ் கார்டில் இதில் ஒரு வரி கூட இல்லை. ‘பழைய சிசேரியன், பிரசவம் முன்னேறாமை, அவசர சிசேரியன், தாயும் சேயும் நலம்.’

நீண்ட பிரசவத்தில் தலை அழுத்தி சலம் சிவப்பது சாதாரணமாக நடப்பது, பெரும்பாலும் ஒரு நாளில் தெளியும். அந்த அனுபவம்தான் இங்கே கண்ணை மறைத்தது. ஒட்டிப்போன சிறுநீர்ப்பை, கீழே கிழிந்த மூலை, இரத்தப்போக்கின் நடுவில் ஆழமாகப் போட்ட தையல், கதீற்றரில் இரத்தம் ஆகிய நான்கும் ஒரே ஒப்பரேஷனில் கூடினால், வயிற்றை மூட முன்னர் சிறுநீர்ப்பையை ஒருமுறை சோதித்துப் பார்ப்பது தகும். ஐதாக்கிய மெத்திலீன் நீலத்தைக் கதீற்றர் வழியாக 200 மில்லிலீற்றர் அளவில் ஏற்றினால் போதும். எங்கே நீலம் கசிகிறது என்று கண்ணுக்கே தெரியும். நீலம் இல்லாத இடத்தில் கிருமி நீக்கிய பாலையும் சிலர் ஏற்றுவார்கள். இதற்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: தையல் ஊசி சிறுநீர்ப்பைச் சுவரைக் கவ்வி, அந்தத் துண்டு இரத்த ஓட்டம் இல்லாமல் நாள்போக்கில் அழிந்து துவாரமானால், ஒப்பரேஷன் மேசையில் நீலம் கசியாது. இவருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

சிசேரியனின்போது சிறுநீர்ப்பையில் காயம் படுவது ஆயிரம் ஒப்பரேஷனுக்கு ஏறத்தாழ இரண்டு மூன்று என்ற அளவில்தான். உடனே கண்டு, இரண்டு அடுக்காகத் தைத்து, கதீற்றரை ஒன்று இரண்டு கிழமை வைத்தால் அநேகமாக எல்லாமே ஆறிவிடும். காணாமல் விடப்பட்டவைதான் பிறகு வெவ்வேறு வடிவில் வருகின்றன: யோனி வழியாக ஓயாத கசிவு, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் சிறுநீர்க்குழாய் அடைபட்டு வீங்கும் சிறுநீரகம், அல்லது எல்லாவற்றிலும் அரிதாக இப்படி ஒன்று.

ஏன் கசியவில்லை?

கிளினிக்கில் என்னோடு நின்ற பயிற்சி டொக்டர் கேட்ட கேள்வி சரியானது. கர்ப்பப்பைக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையில் துவாரம் இருந்தால், சலம் கர்ப்பப்பைக்குள் வந்து யோனியால் ஒழுக வேண்டாமா? இவருக்கு ஒரு சொட்டும் ஒழுகவில்லையே?

1957இல் கெய்ரோவின் அப்தெல் ஃபத்தா யூசெஃப் இதைத்தான் ஒரு தனிக் கூட்டறிகுறியாக விபரித்தார். சிசேரியனுக்குப் பிறகு சலத்தில் மாதவிடாய் வருதல், யோனியால் மாதவிடாய் வராமை, சலம் கசியாமை. இந்த மூன்றும் சேர்ந்தது யூசெஃப் கூட்டறிகுறி. துவாரம் கர்ப்பப்பைக் கழுத்தின் உள்வாய்க்கு மேலே இருக்கும். அந்த இடுங்கிய பகுதி ஒரு சுருக்குத்தசை போல இறுகி நிற்பதால் கீழ்வழி அடைபட்டுவிடுகிறது. மிச்சத்தை அழுத்தம் தீர்மானிக்கிறது. வாவியைக் கடலிலிருந்து பிரிக்கும் மணல்மேட்டை வெட்டி முகத்துவாரம் திறந்த நாளில் வாவி பக்கம் நீர்மட்டம் உயர்ந்திருந்தால் தண்ணீர் கடலுக்குத்தான் பாயும். அதே மாதிரி மாதவிடாய் நாளில் கர்ப்பப்பை சுருங்கும்போது அதன் அழுத்தம் சிறுநீர்ப்பையினதை விட அதிகம். இரத்தம் சிறுநீர்ப்பைக்குள் தள்ளப்படுகிறது. மற்ற நாட்களில் துவாரத்தின் உதடுகள் ஒன்றோடொன்று படிந்து கிடக்கும். சலம் எதிர்ப்பக்கம் போகாது.

எல்லா நோயாளிகளும் இப்படி இருக்கமாட்டார்கள். போலந்தின் யோஸ்விக் இந்தத் துவாரங்களை மாதவிடாய் போகும் வழியைக் கொண்டு மூன்றாக வகுத்தார். முதலாம் வகை இவருடையது. இரண்டாம் வகையில் மாதவிடாய் இரு வழியாலும் போகும். மூன்றாம் வகையில் மாதவிடாய் வழமையான வழியால் போகும், ஆனால் சலம் கசியும். கசிகிறவர் உடனே ஆஸ்பத்திரிக்கு வருவார், கசியாதவர் மாதக்கணக்கில் சலக்கிருமி மருந்து குடிப்பார். சிறுநீர்-இனப்பெருக்கப் பாதைத் துவாரங்கள் எல்லாவற்றிலும் கர்ப்பப்பைக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையிலானவை நூற்றுக்கு 1 முதல் 4 வரைதான். முன்பு அரிது என்று பாடப்புத்தகத்தோடு விடலாம். இலங்கையில் இன்று மூன்று பிரசவத்தில் ஒன்றுக்கு மேல் சிசேரியன். இரண்டாவது, மூன்றாவது சிசேரியன்கள் கூடக்கூட, ஒட்டிப்போன சிறுநீர்ப்பைகளும் கூடும்.

டெப்போ எப்படி மறைத்தது

எங்கள் பகுதியில் வேலை செய்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

இவருக்கு ஆறு கிழமையில் மருத்துவிச்சி வழியாக முதல் ஊசி. நான்கு ஊசி போட்டார், கடைசி ஊசி பிரசவத்துக்குப் பத்தரை மாதத்தில். ஊசி இருக்கும் வரை கர்ப்பப்பை உட்சுவர் வளரவில்லை. இரத்தம் இல்லை, ஆகவே அறிகுறியும் இல்லை. யோசித்துப் பார்த்தால், இந்தத் துவாரத்துக்கு மருந்தாகக் கொடுக்கப்படுவதும் இதே வழிதான்: மாதவிடாயை ஹோர்மோனால் நிறுத்தி, கதீற்றர் வைத்து, தானாக மூட விடுவது. ஊசி அவருடைய நோயை ஒரு வருடத்துக்கு மூடி வைத்தது. அந்த நேரத்தில் கதீற்றர் இல்லாததால் துவாரம் மட்டும் மூடவில்லை.

ஊசிக் காலத்தில் இரண்டு தடவை லேசாக இளஞ்சிவப்புச் சலம் போனதாகப் பிறகு ஞாபகப்படுத்திச் சொன்னார். டெப்போ போடுபவர்களுக்கு வரும் இடைக்கசிவு அது. மற்றவர்கள் உள்ளாடையில் காண்பதை இவர் கழிவறையில் கண்டிருக்கிறார். ஊசியை விட்டு ஆறேழு மாதத்தில் சூலகம் விழித்தது. ஜனவரியில் முதல் மாதவிடாய். எல்லோருக்கும் அது சலக்கிருமி.

ஆகவே சிசேரியனுக்குப் பிறகு மாதவிடாய் வராத ஒருவருக்கு ஊசி, தாய்ப்பால் என்ற இரண்டு பதிலோடு நாங்கள் நின்றுவிடக் கூடாது. மாதாமாதம் வேறு ஏதாவது வருகிறதா என்று மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்க வேண்டும். சலத்தில் இரத்தம், வயிற்றுக் குத்து, வீக்கம், எதுவானாலும் திகதியோடு கேட்க வேண்டும். மாதாமாதம் குத்து மட்டும் வந்து இரத்தம் எங்கேயும் காணாவிட்டால் கழுத்துவாய் ஒட்டிப்போயிருக்கலாம். மாதவிடாயும் வழமை போல் வந்து அதே நாட்களில் சலமும் சிவந்தால் சிறுநீர்ப்பையில் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உட்சுவர்த் திசு வேறு இடத்தில் வளர்வது) இருக்கலாம், அதுவும் சிசேரியனுக்குப் பின் வரக்கூடியது. மாதவிடாய் இல்லாமல் சலம் மட்டும் சிவந்தால் யூசெஃபைத் தேட வேண்டும்.

சோதனைகள்

கர்ப்பச் சோதனை எதிர்மறை. ஹீமோகுளோபின் 10.2. ஸ்பெக்குலம் வைத்துப் பார்த்தபோது யோனி உலர்ந்திருந்தது, கழுத்து ஆரோக்கியமாக இருந்தது. சிறுநீர்ப்பையில் நீலம் ஏற்றி, யோனிக்குள் மூன்று பஞ்சு வைத்து, நடக்கச் சொல்லி எடுத்துப் பார்த்தோம். மூன்றும் வெள்ளை. இந்தச் சோதனை எதிர்மறையாக இருப்பது யூசெஃபில் எதிர்பார்க்க வேண்டியதே. இதை நம்பி நோயை இல்லையென்று விட்டுவிடும் அபாயம் உண்டு என்பதால் சொல்கிறேன்.

யோனி வழி ஸ்கேனில், சிறுநீர்ப்பையைப் பாதி நிரப்பி வைத்துப் பார்த்தபோது, பழைய தழும்பு இருந்த இடத்தில் கர்ப்பப்பையிலிருந்து சிறுநீர்ப்பைச் சுவர் வரை ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு ஓடியது. ஜூன் 14இல் கர்ப்பப்பைக்குள் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்தோம். கர்ப்பப்பையின் முக்கோணம் நிறைந்தது, அடுத்த நொடியில் அதற்கு முன்னால் சிறுநீர்ப்பையின் வட்டம் வெளிக்கத் தொடங்கியது. எக்ஸ்ரே அறையில் ஒருவரும் பேசவில்லை. சிறுநீர்க்குழாய்களிலும் காயம் இருக்கிறதா என்று பார்க்க சீ.ரி. யூரோகிராம் செய்தோம். இரண்டும் சரி. இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. சிறுநீர்ப்பைத் துவாரத்தோடு சிறுநீர்க்குழாய்க் காயமும் கூட இருக்கலாம், ஒன்றைத் தைத்து மற்றதை விட்டால் சிறுநீரகமே போய்விடும்.

சிறுநீர்ப்பைக்குள் கருவி விட்டுப் பார்க்கும் சிஸ்டொஸ்கொப்பியை வேண்டுமென்றே மாதவிடாய் நாளுக்கு வைத்தோம். எண்ணிய கணக்குப்படி ஜூலை 3. அன்று காலை அவர் வாட்டிலிருந்து சொல்லி அனுப்பினார், “வந்துட்டு” என்று. மறுநாள் சிறுநீரக சத்திரசிகிச்சை நிபுணர் கருவியை உள்ளே விட்டார். இரண்டு சிறுநீர்க்குழாய் வாய்களும் தெளிவாக, தங்கள் பாட்டில் சலத்தைப் பீய்ச்சிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு இரண்டு சென்ரிமீற்றர் மேலே, பின்சுவரில், கொஞ்சம் இடது பக்கமாக, தொப்புள் போலச் சுருங்கிய ஒரு குழி. பார்த்துக்கொண்டிருக்கையில் அதன் நடுவிலிருந்து கறுத்த இரத்தம் ஒரு நூலாக இறங்கியது, நின்றது, பிறகு இன்னொரு நூல். ஒவ்வொரு நூலும் ஒரு கர்ப்பப்பைச் சுருக்கம். போத்தல் படத்தில் அடியில் கிடந்தது இதுதான்.

மற்ற நாளில் செய்திருந்தால் அந்தக் குழியைப் பழைய தழும்பென்று தாண்டிப் போயிருக்கலாம்.

முடிவெடுத்தல்

இந்தத் துவாரங்களில் தானாக மூடுபவை நூற்றுக்கு ஐந்து அளவில்தான். பிரசவத்துக்குப் பின் சில கிழமைக்குள் கண்டு, துவாரமும் சிறிதாக இருந்தால் நான்கு முதல் எட்டுக் கிழமை கதீற்றரும் மாதவிடாயை நிறுத்தும் ஹோர்மோனும் கொடுத்துப் பார்ப்பது நியாயம். இவருக்கு இரண்டு வருடமாகிவிட்டது, துவாரத்தின் வழிக்குள் தோலே வளர்ந்திருக்கும். ஒப்பரேஷன்தான் வழி.

அவரிடம் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. இனிப் பிள்ளை வேண்டாமென்றால் கர்ப்பப்பையை எடுத்துவிடுவதும் ஒரு தெரிவு. மாமியும் கணவரும் அறையில் இருக்க அதைக் கேட்கக் கூடாது என்று சடங்குக் கதையிலிருந்தே கற்றிருந்தேன். தனியாகக் கேட்டேன். “இனிப் புள்ள வேணுமோ வேணாமோ தெரியா டொக்டர். ஆனா அது என்னோட இருக்கட்டும்.” அதற்கு மேல் விளக்கம் கேட்கத் தேவை இருக்கவில்லை.

ஓகஸ்ட் 9ஆம் திகதி, மாதவிடாய் முடிந்த பிறகு, பெண்ணியல் நிபுணரும் சிறுநீரக சத்திரசிகிச்சை நிபுணரும் சேர்ந்து செய்தார்கள். நான் இரண்டாவது உதவி. முதலில் இரண்டு சிறுநீர்க்குழாய்களுக்குள்ளும் மெல்லிய குழாய் வைத்தார்கள், ஊசி எங்கே போகக் கூடாது என்று கைக்குத் தெரிவதற்காக. பழைய தழும்பின் வழியாகவே வயிற்றைத் திறந்தோம். சிறுநீர்ப்பையின் உச்சியைத் திறந்து, கீறலைப் பின்சுவர் வழியே துவாரம் வரை கொண்டு வந்தபோது சிறுநீர்ப்பை இரண்டாக விரிந்த புத்தகம் போல ஆனது. ஒ’கோனர் காட்டிய முறை இது. துவாரம் எட்டு மில்லிமீற்றர். அதன் தழும்புச் சுவரை வெட்டி எடுத்து, சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் நல்ல தசை தெரியும் வரை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பதுதான் கடினமான பகுதி. அதற்கே ஒரு மணித்தியாலம் பிடித்தது. கர்ப்பப்பையைத் தைத்து, சிறுநீர்ப்பையை இரண்டு அடுக்காகத் தைத்து, நீலம் ஏற்றிக் கசிவு இல்லை என்று உறுதி செய்தார்கள். கடைசியாகக் குடலின் மேல் போர்வை போலத் தொங்கும் ஓமென்டம் என்ற கொழுப்புத் திரையின் ஒரு முனையை இறக்கி, இரண்டு தையல் வரிசைக்கும் நடுவில் செருகித் தைத்தார்கள். அதற்குத் தனி இரத்த ஓட்டம் உண்டு. இரண்டு புண்ணும் ஒன்றையொன்று தொடாமல் ஆற அது இடம் கொடுக்கும். இதைச் செய்யாமல் விட்டால் துவாரம் திரும்பவும் திறக்கும் ஆபத்து கூடும்.

வாட்டில் பதினான்கு நாள் கதீற்றரோடு இருந்தார். அந்தப் பதினான்கு நாளும் மிஸ்ஸிமார் செய்த வேலையை ஒப்பரேஷன் குறிப்பில் எழுத இடமில்லை. குழாய் மடியாமல், அடையாமல், பை நிரம்பித் தளும்பாமல் இரவில் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் போய்ப் பார்த்தார்கள். கதீற்றர் ஒரு இரவு அடைபட்டு சிறுநீர்ப்பை வீங்கினால் தையல் பிரிந்துவிடும். ஓகஸ்ட் 23இல் சாயம் ஏற்றிப் படமெடுத்தோம். கசிவு இல்லை. கதீற்றரை எடுத்தோம். முதல் தடவை தானாகச் சலம் கழித்துவிட்டு வந்து, நிறத்தைச் சொன்னார்: “தண்ணி மாதிரி.”

டயக்னோசிஸ் கார்டு

வீட்டுக்கு அனுப்பும் அட்டையை நான் எழுதினேன், இந்த முறை ஒரு வரியில் இல்லை. துவாரம் எங்கே இருந்தது, எப்படித் தைக்கப்பட்டது, ஓமென்டம் வைக்கப்பட்டது, சிறுநீர்க்குழாய்கள் சரி என்பதெல்லாம் அதில் உண்டு. இரண்டு வருடத்துக்குக் கர்ப்பம் வேண்டாம். கர்ப்பம் தங்கினால் ஆரம்பத்திலேயே நிபுணரிடம் காட்ட வேண்டும், சாதாரணப் பிரசவத்துக்கு முயலக் கூடாது, நேரத்தோடு திட்டமிட்ட சிசேரியன், சிறுநீரக சத்திரசிகிச்சை நிபுணர் இருக்கும் ஆஸ்பத்திரியில். ஒரு பிரதியை அவருடைய மருத்துவிச்சிக்கும் அனுப்பினேன். அடுத்த கருத்தடை முறையைத் தெரிவு செய்யும்போது அவர் அதைத்தான் கையில் வைத்திருப்பார். மேல்கையில் தோலுக்கு அடியில் வைக்கும் ஜடெல் என்ற கருத்தடைக் குச்சியைத் தெரிவு செய்தார்கள். ஆனால் இரண்டு மாதவிடாய் சரியான வழியால் வந்ததைக் கண்ட பிறகுதான் போடும்படி கேட்டுக்கொண்டேன். முன்னரே போட்டு மறுபடி நின்றுவிட்டால், நாங்கள் தைத்தது பிடித்ததா என்று அறிய வழியில்லாமல் போகும்.

ஓகஸ்ட் 30ஆம் திகதி மருத்துவிச்சியின் தொலைபேசியிலிருந்து அழைப்பு. இரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த மாதவிடாய். சலம் தெளிவு. செப்டெம்பர் 28இல் இரண்டாவது. அதற்குப் பிறகு குச்சி போடப்பட்டது.

ஆறு மாதக் கிளினிக்கில் வந்தபோது எரிவு, கசிவு, இரத்தம் எதுவும் இல்லை, ஹீமோகுளோபின் 11.8. குச்சியினால் மாதவிடாய் ஒழுங்கில்லாமல் கொஞ்சமாக வந்து போகிறது என்றார். எந்த வழியால் என்று கேட்டேன். சிரித்தார். கடைசியாக அவரைப் பார்த்தது இந்த வைகாசியில், சின்னப் பிள்ளையின் காய்ச்சலுக்கு வந்திருந்தபோது. நெற்றியில் திருநீறு இருந்தது. முதல்நாள் குளிர்த்தி பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.